ருக்மாபாய் ஏற்க மறுத்த தீர்ப்பும் கம்பம் பள்ளத்தாக்கின் மனைவியரும்

கணவனின் அடி தாங்காமல் கம்பத்திலோ சின்னமனூரிலோ உள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்ணை மிரட்டப் பயன்படும் சட்டப்பிரிவு ஒன்று உண்டு: 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 9. தக்க காரணமின்றி மனைவி பிரிந்து சென்றாள் என்று கூறி, சேர்ந்து வாழ உத்தரவிடுமாறு கணவன் மனுச் செய்யலாம். (மனைவியும் செய்யலாம், ஏட்டளவில் இது இருவருக்கும் பொது.) இது நம் மரபில் முளைத்த வழக்கு என்று எண்ணுவோர் ருக்மாபாயின் வாழ்வை அறிய வேண்டும்.

1864இல் பம்பாயில் தச்சர் சாதியில் பிறந்தவர் அவர். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்தார். தாய் ஜெயந்திபாய் சில ஆண்டுகளில் மருத்துவர் சக்காராம் அர்ஜுனை மணந்தார். பார்ப்பன விதவை எண்ணிப் பார்க்கவும் இயலாத அம்மறுமணத்தை அவர்களின் சாதி வழக்கம் ஏற்றது. தமிழகத்தில் ‘அறுத்துக்கட்டும் சாதி’ என்று இழிவாகப் பேசப்பட்டதும் இதையொத்த விடுதலையைத்தான். மணக்குமுன் முதற்கணவரின் சொத்தைத் தாய் மகள் பெயருக்கு மாற்றிவைத்தார்.

பதினோரு வயதில் ருக்மாபாயைத் தாதாஜி பிகாஜிக்கு மணமுடித்தனர். எனினும் அவர் தாய்வீட்டிலேயே வளர்ந்தார். நூல்களை வரவழைத்துப் படித்தார். தாதாஜியோ படிப்பைக் கைவிட்டுக் கடனில் மூழ்கினார். 1884இல் மனைவியைத் தன்னிடம் அனுப்பக் கோரி வழக்குத் தொடுத்தார். மனைவியின் சொத்து அவர் கண்ணை உறுத்தவில்லை என்று நம்புவது கடினம்.

1885இல் நீதிபதி பின்ஹே மனுவைத் தள்ளினார். இவ்வழக்கு முறை இந்துச் சட்டத்தில் இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதும், அறியா வயதில் மணமுடிக்கப்பட்டவரை வற்புறுத்துவது கொடுமை என்பதும் அவர் கருத்து. அங்கே இது திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. சமய மரபுக்கு ஆபத்து என்று கொதித்தவர்களோ இங்கிருந்த பழமைவாதிகள். திலகரின் இதழ்கள் அவர்களுக்குத் துணைநின்றன. அந்நியச் சட்டம் ஆணுக்கு உதவியபோது அது இந்து தர்மமாகிவிட்டது! மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் கணவனோடு வாழ உத்தரவிட்டார். மறுத்தால் ஆறு மாதச் சிறை. சிறை செல்வதாக ருக்மாபாய் அறிவித்தார். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார்.

ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் பயின்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பெண்களுக்குச் சிகிச்சை அளித்தார், மறுமணம் செய்யவில்லை. 1955 செப்டம்பரில் மறைந்தார். அதே ஆண்டு மே மாதம் நிறைவேறிய இந்து திருமணச் சட்டத்தில், அவரைத் துரத்திய வழக்கு பிரிவு 9 ஆக இடம்பெற்றிருந்தது. இங்கிலாந்து 1970இல் அதை ஒழித்தது. இங்கே 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் செல்லுமென்றது.

ஆனால் இன்று சிறை இல்லை. உத்தரவை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம். யாரும் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துச்செல்ல முடியாது. கொடுமை நிரூபணமானால் பிரிந்து வாழத் தக்க காரணம் உண்டென்று பொருள், மனு தோற்கும். சேர்ந்து வாழும் உத்தரவை ஏற்காத மனைவிக்கும் ஜீவனாம்சம் மறுக்கப்படக் கூடாதென 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், தான் வசிக்கும் பகுதியின் நீதித்துறை நடுவரிடமே பாதுகாப்பும் பணமும் கோரலாம். விவாகரத்து மனுவையும் மனைவி தன் ஊரில் தாக்கல் செய்யலாம். ஏலத்தோட்ட வேலையால் இடுக்கியோடு பிணைந்த இப்பள்ளத்தாக்கில், மலைக்கு அப்பால் மணமுடித்துத் திரும்பியவர்களுக்கு இது முக்கியம். கணவன் கேரளத்தில் வழக்குத் தொடுத்திருந்தால், அதைத் தமிழகத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் விடுதலைப் பத்திரத்தில் எச்சரிக்கை தேவை. வழக்காற்று மணவிலக்கைப் பிரிவு 29 காக்கிறது. ஆனால் அவ்வழக்கம் தம் சாதியில் உண்டென்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லையெனில், 1987ஆம் ஆண்டு சட்டப்படி பெண்கள் அனைவருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான விண்ணப்பத்தை வட்டச் சட்டப்பணிகள் குழுவிடமோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ அளிக்கலாம்.