கும்பமேளாக் கூடாரம் முதல்

ஜனவரிக் குளிரில் டில்லி கன்டோன்மென்டில் கூடும் தேசிய மாணவர் படை முகாமுக்கு நம் ஊர்ப் பிள்ளைகளும் வருவதுண்டு. அந்தப் படைக்கு வித்திட்டவர் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு.

1887-ல் பிறந்த இவர், 1909-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-ல் ஹரித்துவார் கும்பமேளாவில் அச்சங்கத்தின் தொண்டர் படைக்குத் தலைமை தாங்கியபோது வயது 27. அங்கே மலக்குழிகளை மண்ணிட்டு மூடும் வேலையைக் காந்தியடிகளின் பீனிக்ஸ் குழுவினர் கேட்டு வாங்கிக்கொண்டனர். முகாம் வாழ்வு என்றால் இதுவும் சேர்ந்ததுதான்!

வெள்ளையர் நடத்திய சாரணர் படையில் முதலில் இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லை. ஆகவே மாளவியா, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோருடன் சேவா சமிதி சாரணர் படையைக் கட்டினார். 1936-ல், முன்பு நம் சீனிவாச சாஸ்திரியார் வகித்த ஊழியர் சங்கத் தலைமை இவருக்கு வந்தது.

மாணவர் படை பற்றி ஆராய 1946-ல் அமைந்த கமிட்டிக்கு இவரே தலைவர். 1948-ல் சட்டம் வந்தது. பிரிந்து கிடந்த சாரணர் சங்கங்கள் 1950 நவம்பர் 7-ல் ஒன்றானபோது முதல் தேசிய கமிஷனரும் இவரே.

1968-ல் பாரத ரத்னா தேடி வந்தது. ஏற்றிருந்தால் குறை சொல்வார் யாருமில்லை. ஆனால் அரசு பட்டம் வழங்குவதை அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்தவர் அவர். வேண்டாமென்று திருப்பிவிட்டார். 1978-ல் மறையும்வரை பட்டமில்லாத பண்டிதராகவே இருந்தார்.