அங்காதிபாதம் தந்த அறிஞர்

தெய்வத்தைத் திருவடி தொடங்கித் திருமுடி வரையும், மானிடரை முடி தொடங்கி அடி வரையும் வருணிப்பது நம் புலவர் மரபு. முன்னதைப் பாதாதிகேசம் என்றும் பின்னதைக் கேசாதிபாதம் என்றும் வழங்கினர். புற வடிவை இவ்வாறு பாடிய தமிழிலே, தோலுக்கு அடியிலுள்ள எலும்பையும் தசையையும் நரம்பையும் மேனாட்டு முறைப்படி ஒழுங்குபட உரைக்கும் பெருநூல்களை ஆக்கித் தந்தவர் தமிழராய்ப் பிறந்தவரல்லர். அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரே அவர்.

மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ற்றர் நகரில் 1822ஆம் ஆண்டு கிறீன் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். இவருடைய தமையனார் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க்கும் அதன் அயலூர்களும் 1898இல் ஒரே மாநகராய் இணைவதற்கு முன்னின்று உழைத்த பெருமகன். தம்பியோ அம்மாநகர வாழ்வை வேண்டாது, அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சிலகாலம் வட்டுக்கோட்டையில் இருந்தபின், 1848 முதல் மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார்.

அங்கே நோயாளரைப் பேணியதோடு நில்லாமல், உள்ளூர் இளைஞரைச் சேர்த்து மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்திற் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. ஆங்கிலத்திற் கற்றுத் தேறியோர் ஊதியம் மிகுந்த உத்தியோகங்களை நாடிப் பிறவிடம் செல்வதையும், சிற்றூர்கள் மருத்துவரின்றி வாடுவதையும் அவர் கண்டார். தாய்மொழியிற் கற்றவனே தன் மக்களிடையே தங்குவான் எனத் துணிந்தார். 1857இல் தாயகம் சென்று, மணம் புரிந்து, 1862இல் மீண்டு வந்தவர், 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர் என்பர்.

வகுப்பு நடத்த நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். நாடி, வர்மம் முதலியன குறித்து நம் வைத்திய ஏடுகளிலே சொல்வளம் உண்டு. எனினும் ஒவ்வோர் எலும்பின் மேடுபள்ளத்துக்கும், ஒவ்வொரு தசையின் தொடக்க முடிவுகளுக்கும் பெயர் காண்பது பெரும்பாடு. அதற்கும் முன்னதாகத் திசைகளை வரையறுத்தாக வேண்டும். படுத்திருப்பவனுக்கு மேல் எது? எதிரே நிற்பவனின் வலம் யாருடைய வலம்? இக்குழப்பம் நேராதிருக்கவே, நிமிர்ந்து நின்று, முகம் முன்னோக்க, உள்ளங்கைகளும் முன்னோக்க நிற்கும் ஒரு நிலையை உடற்கூற்றியலார் அடிப்படையாகக் கொள்வர். உடல் எவ்வாறு கிடந்தாலும் தலைப்பக்கமே மேல், மார்புப்பக்கமே முன், வலமும் இடமும் நோயாளியுடையவை.

மன்னார்த் தீவில் ஆசிரியத் தொழில் புரிந்த நான், இதனை மாணாக்கருக்கு விளக்கக் கடற்காற்றைத் துணைக்கொள்வது வழக்கம். வள்ளம் எப்பக்கம் திரும்பினாலும் வாடை வடக்கிலிருந்தே வீசும். கச்சான் மேற்கிலிருந்தே வரும். படகுக்கேற்பக் காற்றின் பெயர் மாறுவதில்லை. பேசாலைப் பிள்ளைகள் இதனைக் கேட்டவுடன் தெளிந்துகொள்வர்.

அசைவுகளும் அவ்வாறே. முழங்கையை மடக்கினால் முன்கை முன்னே வருகிறது; முழங்காலை மடக்கினாலோ குதிகால் பின்னே செல்கிறது. திசை வேறாயினும் இரண்டும் மடக்கலே. மூட்டின் கோணம் குறுகுவதே அங்கு இலக்கணம். கோணம் விரிவது நீட்டல். நடுக்கோட்டை விட்டுக் கை அகல்வது விலக்கல். அதனை அணுகுவது அணைத்தல். எளிய தமிழ்ச் சொற்களே. ஆனால் வரையறை பெற்றவுடன் அவை கருவிகளாகி விடுகின்றன.

இத்தகைய கருவிகளைத் தேடியே கிறீன் உழைத்தார். தமிழில் வழங்கிய சொல்லை ஏற்றார். இல்லாவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் உதவாவிடத்து ஆங்கிலத்தையே தமிழொலிக்கு இசைவித்தார். பிரசவ வைத்தியம், மனுஷ சுகரணம், கெமிஸ்தம் என்னும் நூற்பெயர்களே இம்மூவழிக்கும் சான்று. 1857இல் வெளிவந்த அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலைத் தொடர்ந்து, இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும் அச்சேறின. மாணாக்கரும் அவரும் சேர்ந்து ஆக்கியவை 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. 1873இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் ஓயவில்லை. வூஸ்ற்றரில் இருந்தவாறே தமிழ்ப் படிகளைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்குமாறு வேண்டிச் சென்றார்.

அவர் இட்ட வித்து முழுமரமாகவில்லை. 1870இல் கொழும்பில் எழுந்த மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே கைக்கொண்டது; 1978இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் அவ்வழியையே பின்பற்றியது. இதன் விளைவை நான் நேரிற் கண்டதுண்டு. கரைவலை இழுக்கையில் தோள்மூட்டு விலகிய கடற்றொழிலாளர் ஒருவரோடு ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்றேன். கை எழும்பவில்லை என்றார் அவர். முன்னாலா, பக்கவாட்டிலா என்று அறிய விரும்பிய இளம் மருத்துவருக்கும் தமிழே தாய்மொழி. ஆயினும் இருவரும் கையசைத்துக் காட்டியே பேசி முடித்தனர். அட்டையில் எழுதப்பட்டது ஆங்கிலம். தம் தோளுக்கு நேர்ந்ததை இன்னதெனச் சொல்ல ஒரு சொல்லும் இன்றி அவர் வீடு திரும்பினார்.

கிறீனின் சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன, அதனால் இழுக்கில்லை. சொற்கள் தேயும், புதியன பிறக்கும். தன் உடலைப்பற்றித் தன் மொழியில் அறியும் உரிமை ஏழைக்கும் உண்டு என்ற அவர் கொள்கையோ தேயத்தக்கதன்று. அதனை நிறைவேற்றும் கடமை, அந்நியராய் வந்த அவரைக் காட்டிலும் நமக்கே மிகுதியன்றோ?