ஹேட்டி மெக்டேனியல் அம்மையார்

அமெரிக்க நாட்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ஆண்டு 1865. அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1893 ஜூன் 10ஆம் நாள், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் பிறந்தவர் ஹேட்டி மெக்டேனியல் அம்மையார். தந்தையார் ஹென்றி அடிமையாயிருந்தவர். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் சேர்ந்து போரிட்டவர். பதின்மூன்று மக்களுள் ஹேட்டியே கடைக்குட்டி. பின்னர் அக்குடும்பம் டென்வர் நகரில் குடியேறிற்று.

இளமையிலேயே பாட்டும் நகைச்சுவையும் கைவரப்பெற்ற ஹேட்டி, ஊர் ஊராய்ச் சென்று மேடையேறினார். 1929இல் பங்குச் சந்தை வீழ்ந்து தொழில்கள் முடங்கியபோது, மில்வாக்கி நகரத்துக் கேளிக்கை விடுதியொன்றில் அவருக்குக் கிடைத்தது கழிவறைப் பணியே. அங்கு மேடை வெள்ளையர்க்கு உரியது. எனினும் ஒருநாள் பாட இடங்கொடுத்தனர்; பாடியபின் அவரை மேடையினின்று இறக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். திரையில் கிடைத்தவை பணிப்பெண் வேடங்கள். படப்பிடிப்பு இல்லாத நாளில் பிறர் வீடுகளில் மெய்யாகவே பணிப்பெண் வேலை. 1939இல் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' படத்திலும் அவருக்கு அதே வேடந்தான். ஆனால் அப்பணிப்பெண்ணை அறிவும் அதட்டலும் உடையவளாக அவர் உயர்த்திக் காட்டினார். அட்லாண்டா நகரில் அப்படத்தின் முதற்காட்சி நடந்தபோது, நடித்த அவர் அங்குச் செல்ல இயலவில்லை. அம்மாநிலத்தில் இனப் பிரிவினை சட்டமாயிருந்தது.

1940 பிப்ரவரி 29ஆம் நாள் ஆஸ்கார் விருது விழா. விழா நிகழ்ந்த ஓட்டலில் கறுப்பினத்தார்க்கு அனுமதியில்லை. தயாரிப்பாளர் தனியே வேண்டிக்கொண்டபின்னரே அவரை உள்ளே விட்டனர். உடன் நடித்தோரின் மேசையில் இடமில்லை. சுவரோரம் ஒரு சிறு மேசை. அங்கிருந்து எழுந்து சென்றுதான், சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. மற்றொரு கறுப்பினப் பெண்மணி நடிப்பிற்கான ஆஸ்கார் விருதைப் பெற அதன்பின் ஐம்பத்தோராண்டுகள் கழிந்தன.

இனி, இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். அவரைக் கடுமையாகச் சாடியவருள் அவருடைய மக்களின் உரிமைச் சங்கத் தலைவர் வால்ட்டர் வொயிட்டும் ஒருவர். பணிப்பெண்ணாகவே நடித்து இனத்தின் இழிவை நிலைநிறுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. அவ்வேடங்கள் இழிவைப் பரப்பியது உண்மையே. ஆயினும் வேறு வேடம் எழுதப்படாத காலத்தில், கிடைத்ததை மறுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று பசியறியாதவர் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. மேலும், திரைக்கு வெளியே அவர் யாருக்கும் பணிந்தவர் அல்லர்.

லாஸ் ஏஞ்சல்சில் 'சுகர் ஹில்' என்னும் பகுதியில் அம்மையார் பெரிய வீடொன்று வாங்கியிருந்தார். கறுப்பினத்தார்க்கு விற்கலாகாது என்று அங்குள்ள மனைப் பத்திரங்களிலேயே எழுதிவைத்திருந்தனர். அண்டை வீட்டு வெள்ளையர் சிலர் அவரையும் பிறரையும் வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். ஊர்ப் பொதுத்தெருவில் மனை வாங்க முனைந்த நம்மவர் எவருக்கும் இவ்வழக்கை விளக்கவேண்டியதில்லை! அம்மையார் வீட்டைவிட்டு அசையவில்லை. கறுப்பின வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாட, 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க் அவ்வழக்கைத் தள்ளினார். 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், இத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது எனத் தீர்ப்பளித்தது.

1952 அக்டோபர் 26ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். ஹாலிவுட் கல்லறையில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். நிறம் கருதி அங்கு இடம் மறுத்தனர். வேறொரு கல்லறையிலேயே அடக்கம் நிகழ்ந்தது. 1999இல் அதே ஹாலிவுட் கல்லறையில் அவருக்கு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. தம் விருதை அவர் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்க்கென வளர்ந்த ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற்கு எழுதிவைத்திருந்தார். அங்கிருந்த அவ்விருது பின்னாளில் காணாமற்போயிற்று. அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்து, 2023 அக்டோபரில் அப்பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.