கோவை தந்த வலவர்

சென்னைப் பெருநகருக்குத் தெற்கே, தாம்பரத்தைக் கடந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மறைமலை நகர் உள்ளது. தனித்தமிழ் இயக்கங் கண்ட மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய அவ்வூர், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மோட்டார் வண்டிகளின் பிறப்பிடமாயிற்று. போர்டு நிறுவனத்தார் அங்கே நிறுவிய தொழிற்சாலை 2022ஆம் ஆண்டுவரை கார்களைச் செய்து உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் விற்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சற்று வடக்கில், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. அங்கே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் ஒரு காலத்தில் தமிழகத்துச் சாலைகளில் பெருமிதத்தோடு உலவியது. பந்தயத் திடல்களிலும் அது ஓடியதுண்டு.

மறைமலை நகரிலிருந்து சிறிது தெற்கே சென்று, சிங்கப்பெருமாள் கோவிலில் மேற்கு நோக்கித் திரும்பினால், ஒரகடத்தின் வழியாகத் திருப்பெரும்பூதூரை அடையலாம். வைணவப் பேராசான் இராமாநுசர் தோன்றிய திருத்தலம் அது. அதன் அருகே, இருங்காட்டுக்கோட்டையில், மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே அமைத்த பெருந்திடல் ஒன்று இருக்கின்றது. ஒரு சுற்றின் நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. அத்திடலில் ஓடிப் பழகிய இளைஞர் உலகப் பெரும் பந்தயங்களிற் சென்று நின்றதற்குக் காரணராய் இருந்தவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர், கோவை மாநகரைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன் ஆவார். நண்பர்கள் அவரைச் சுருக்கமாகக் கரி என்றே அழைத்தனர்.

பழந்தமிழர் தேரைச் செலுத்துவோனை வலவன் என்றனர். தேரைச் செய்வோனைத் தச்சன் என்றனர். வலவனுக்கு வேண்டுவது கையின் விரைவும் கண்ணின் கூர்மையும். தச்சனுக்கு வேண்டுவதோ பொறுமை. இவ்விரு தொழிலும் ஒருவரிடத்தே ஒருங்கு அமைதல் அரிது. கரிவரதனிடத்தே அவை அமைந்திருந்தன.

1954ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அவர் பிறந்த குடும்பம் கோவையிற் புகழ்பெற்ற தொழிற்குடும்பம். 1910இல் குப்புசாமி நாயுடு தொடங்கிய இலட்சுமி ஆலையே அக்குடும்பத்தின் செல்வத்திற்கு அடிப்படை. நூற்பாலைகள் பெருகவே, அவற்றின் பொறிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் கோவையில் பெருகின. பட்டறைகளை அடுத்து வார்ப்படச் சாலைகள் வந்தன. கிணற்று நீரை இறைக்கும் மின்பொறிகளைச் செய்யும் தொழிலும் வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பொறியையும் பிரித்துப் பார்த்து, அதுபோல் ஒன்று செய்ய முயல்வது அந்நகரத்தார்க்கு இயல்பாகவே போயிற்று. புதியன புனைவதில் ஈடற்று விளங்கிய ஜி. டி. நாயுடுவின் ஊரும் அதுவன்றோ? அத்தகைய சூழலில் வளர்ந்த சிறுவனுக்கு இரும்பும் எண்ணெயும் விளையாட்டுப் பொருள்களாயின என்பதில் வியப்பில்லை.

அக்காலத்தில் தென்னாட்டு மோட்டார்ப் பந்தயங்களுக்கு நிலைக்களம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தை அடுத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானூர்திகள் இறங்குவதற்காக அமைத்த ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. போர் ஓய்ந்தபின், 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதனைப் பந்தயத்திற்குப் பயன்படுத்தினர். ஆண்டின் தொடக்கத்தில் பந்தயம் நிகழும் நாள்களில் சென்னை நகரமே சோழவரத்தை நோக்கிப் பெயர்ந்ததுபோல் தோன்றும். பேருந்திலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் வந்த மக்கள் வெயிலைப் பொருட்படுத்தாது நாள் முழுவதும் நின்று பார்த்தனர்.

ஆயினும் அத்தளம் வானூர்திக்காக அமைந்ததேயன்றி வண்டிக்காக அமைந்ததன்று. நீண்ட நேர்வழி ஒன்று. அதன் இறுதியிற் கூரிய திருப்பம். வழியின் ஓரத்தை வரையறுக்க வைக்கோற்கட்டுகள். ஓட்டுநர் பிழைத்தால் அவரைக் காப்பது பெரும்பாலும் நல்லூழே. கரிவரதன் இளமையிலேயே அக்களம் புகுந்தார். பல பந்தயங்களில் வென்று, நாடறிந்த ஓட்டுநரானார்.

பந்தய ஓட்டுநரின் திறமை விரைந்து செல்வதில் இருக்கின்றது என்று பலர் கருதுகின்றனர். நேர்வழியில் விரைந்து செல்லுதல் எஞ்சினின் வேலை. அதற்கு மனிதர் செய்ய வேண்டுவது மிகச் சிறிது. வளைவை அணுகும்போதுதான் வலவனின் கல்வி வெளிப்படும். பிரேக்கை முன்னதாக மிதித்தவன் பின்தங்குவான். காலந்தாழ்த்து மிதித்தவன் வழிதவறிச் சுழல்வான். வளைவின் வெளிப்புறத்தில் தொடங்கி, உட்புறத்தைத் தொட்டு, மீண்டும் வெளிப்புறத்தில் விரியும் கோட்டில் வண்டியைச் செலுத்துகின்றவனே வேகத்தை இழவாது வளைவைக் கடப்பான். இதனை ஒருமுறை செய்தாற் போதாது. சுற்றுக்குச் சுற்று, களைப்பும் வெப்பமும் மிகுந்த நிலையிலும், ஓரடியும் பிறழாது செய்தல் வேண்டும். பொதுச் சாலையில் பிறர் அஞ்சி ஒதுங்கும்படி வண்டியை விரட்டுவோர் தம்மைப் பந்தய வீரராக எண்ணிக்கொள்வது நகைப்புக்கு இடமானது.

கரிவரதன் களத்தில் ஒரு குறையைக் கண்டார். அக்குறை ஓட்டுநர்களைப் பற்றியதன்று; வண்டிகளைப் பற்றியது. விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் நம் நாட்டிற் செய்யப்பெற்ற கார்கள் மூன்று வகையினவே: அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு. குடும்பத்தோடு கோவிலுக்கும் திருமணத்திற்கும் செல்வதற்காகச் செய்த வண்டிகள் அவை. அவற்றின் இருக்கைகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினைச் செப்பனிட்டுப் பலர் பந்தயத்தில் ஓட்டினர். மற்றொரு புறம், செல்வர் சிலர் ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்த பந்தய வண்டிகளைப் பெரும்பொருள் கொடுத்து வரவழைத்தனர். அரசு விதித்த இறக்குமதி வரியோ வண்டியின் விலையினும் பெரிதாகத் தோன்றியது. ஆகவே, எவரிடம் சிறந்த வண்டி இருந்ததோ அவரே வென்றார். எவர் சிறந்த வலவர் என்பது பல வேளைகளில் தெரியாமலே போயிற்று. கைத்திறன் மிகுந்த ஏழை இளைஞன் வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கரிவரதன் செல்வக் குடும்பத்தில் தோன்றியவர். தமக்கெனச் சிறந்த வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டு, மேலும் பல கோப்பைகளை வென்று, வீட்டில் அடுக்கியிருக்கலாம். எவரும் குறை கூறியிரார். அவர் கோவையில் சூப்பர் ஸ்பீட்ஸ் என்னும் பட்டறையை வளர்த்து, பந்தய வண்டிகளைத் தாமே செய்யத் தலைப்பட்டார்.

1983ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மாருதி 800 என்னும் சிறிய கார் நம் நாட்டிற்கு வந்தது. ஜப்பானிய நாட்டுச் சுசுகி நிறுவனத்தின் துணையோடு செய்யப்பெற்ற அதன் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் அளவினது; மூன்று உருளைகள் உடையது; நாற்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றலே கொண்டது. பந்தயத்தை நன்கறிந்தோர் இதைக் கேட்டால் நகைத்திருப்பர். ஆனால், அவ்வெஞ்சின் எடையிற் குறைந்தது, எளிதிற் பழுதுறாதது, நாடெங்கும் உதிரி உறுப்புகள் கிடைக்கப் பெற்றது. அதனினும் சிறந்த ஓர் இயல்பு அதற்கு இருந்தது. மாருதிக் காரில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாய் இணைந்து, முன்சக்கரங்களுக்கு இடையே குறுக்காக அமைந்திருந்தன. அத்தொகுதியை அப்படியே பெயர்த்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கரங்களைச் சுழற்றிய எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும். ஐரோப்பிய நாடுகளிற் பெரும்பொருள் செலவிட்டுச் செய்யும் பந்தய வண்டிகளும் எஞ்சினைப் பின்னே கொண்டவையே.

எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடாகச் செய்து, அதன்மேல் கண்ணாடி இழையாலாகிய மெல்லிய ஓட்டினைப் போர்த்து, நடுவே ஒருவர் மட்டும் படுத்தாற்போல் அமரும் இருக்கையை வைத்து, பின்புறத்தில் மாருதி எஞ்சினைப் பொருத்தினார் கரிவரதன். பார்முலா மாருதி என்னும் பெயருடன் 1980களின் இறுதியில் அவ்வண்டி களம் புகுந்தது. ஆற்றலிற் சிறியதாயினும், தரையோடு தரையாய்ச் செல்லும் அவ்வண்டி வளைவுகளை நன்கு பற்றியது. வண்டிகள் யாவும் ஒரே வார்ப்பில் செய்யப்பெற்றமையால் ஒன்றுக்கொன்று வேறுபாடு இல்லை. வெற்றிக்கு வண்டியைக் காரணமாகக் காட்டும் வாய்ப்பும், தோல்விக்கு அதன்மேற் பழிபோடும் வாய்ப்பும் ஒருங்கே நீங்கின.

ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்திற்கு அதியமானை ஒப்பிட்டார் ஔவையார். எண்ணிக்கையினும் செய்ந்நேர்த்தியே பெரிது என்பது அப்புலவர் கருத்து. கரிவரதனும் அந்நேர்த்தி அறியாதவர் அல்லர். எனினும், தாம் ஒருவரே ஏறும் ஒப்பற்ற தேர் ஒன்றினும், இளைஞர் பலர் ஏறும் எளிய தேர்கள் பலவே நாட்டிற்கு வேண்டுவன என்று அவர் கொண்டார். அவ்வெளிய தேரில் ஏறுவோன் நாளை தம்மினும் பெயர் பெறக்கூடும். புகழை விரும்பும் வலவர்க்கு இது எளிய முடிவன்று.

அக்காலத்திலேயே சோழவரத்தின் நாள்களும் முடிவுக்கு வந்தன. பாதுகாப்பான திடல் ஒன்று வேண்டும் என்று சென்னைக் கழகத்தார் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, பந்தயப் பாதையை அமைத்தனர். 1990ஆம் ஆண்டளவில் அது பயன்பாட்டிற்கு வந்தது. புதிய திடலும் புதிய வண்டியும் ஒன்றுக்கென ஒன்று பிறந்தவைபோல் பொருந்தின. பன்னிரண்டு வளைவுகளில் பார்முலா மாருதி வண்டிகள் ஒன்றையொன்று உரசுவதுபோல் ஓடிய காட்சி, சோழவரத்தின் நேர்வழியையே கண்டு பழகியவர்களுக்குப் புதுமையாயிருந்தது.

அவ்வண்டியில் ஏறிய இளைஞருள் ஒருவர் நரேன் கார்த்திகேயன். கோவையைச் சேர்ந்தவர், கரிவரதனுக்கு உறவினர், தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயனும் நெடும்பயணப் பந்தயங்களில் வென்றவர். பதினைந்தாம் அகவையில் இருங்காட்டுக்கோட்டைத் திடலில் தம் முதற் பந்தயத்தை ஓடிய அச்சிறுவர், முதல் மூவருள் ஒருவராக வந்தார். பின்னர்ப் பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளியில் பயின்று, 1994இல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் அத்தகைய தொடரை வென்ற முதல் இந்தியர் அவரே. அவ்வெற்றிச் செய்தி கோவைக்கு வந்தபோது கரிவரதன் உயிரோடு இருந்தார்.

கரிவரதனின் நாட்டம் நிலத்தோடு நிற்கவில்லை. வானத்திலும் அவர் உள்ளம் சென்றது. பந்தயத்தில் எத்தனையோ முறை ஆபத்தை அருகே கண்டு மீண்டவர், 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வானூர்தி விபத்தில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தொன்று. செய்து முடித்த வண்டிகளும், செய்ய எண்ணிய வண்டிகளும் பட்டறையில் அவரின்றி நின்றன. கோவையும் சென்னையும் ஒருசேர வருந்தின.

ஆயினும் பார்முலா மாருதி வண்டிகள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் புதிய இளைஞர் அவற்றில் ஏறித் தொழில் பயின்றனர். பின்னாளில் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓடிய சென்னை இளைஞர் கருண் சந்தோக்கும் 2000ஆம் ஆண்டில் அவ்வகை வண்டியிலேயே தம் வாழ்வைத் தொடங்கினார்.

2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரில், உலகின் தலையாய பந்தயமாகிய பார்முலா ஒன்றில் முதல் இந்தியராக நரேன் கார்த்திகேயன் களம் இறங்கினார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் இண்டியானாபொலிசு நகரில் நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகள் ஈட்டினார். டயர்க் கோளாறு காரணமாகப் பதினான்கு வண்டிகள் அன்று விலகிக்கொண்டன. ஆறே வண்டிகள் ஓடின. அதனைச் சுட்டி அவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உளர். எஞ்சிய ஆறனுள் ஒன்றைச் செலுத்தும் நிலைக்கு உயர்வதற்கே எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நிகழ்ந்த அவ்வோட்டத்திற்குத் தொடக்கம், நாற்பது குதிரைத்திறனும் நிரம்பாத ஒரு மாருதி எஞ்சின்.

கோவைக்குத் தெற்கே, போத்தனூரைக் கடந்து செல்லும் சாலையில் செட்டிபாளையம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 2003ஆம் ஆண்டில் பந்தயத் திடல் ஒன்று திறக்கப்பெற்றது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். கரிவரதன் நினைவாக அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் சூட்டினர். பந்தயம் நிகழும் நாள்களில் வண்டிகளின் முழக்கம் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளுக்கு அப்பாலும் கேட்கின்றது.