சட்டத்தைத் தமிழில் தந்த முனிசீப்பு

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் பெரும்பாலும் தமிழின் முதல் நாவலாசிரியராகவே நினைவுகூர்கிறோம். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் அவருக்கு அந்தப் புகழைத் தந்தது. அதற்கு நெடுநாள் முன்பே அவர் செய்த வேறொரு பணி அதற்கு இணையானது என்பேன். நீதிமன்றத்தின் மொழியை வழக்காடுவோருக்குப் புரியவைக்க முற்பட்ட பணி அது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்தவர் அவர். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப்பிள்ளையிடம் ஆங்கிலம் கற்றார். அந்நகர நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857-இல் தரங்கம்பாடியில் முனிசீப்பு ஆனார். சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றி 1872-இல் ஓய்வு பெற்றார்.

அக்காலத்தில் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. அவற்றின்படியே வழக்குகள் முடிவாயின. ஆனால், அவற்றால் நிலத்தை இழந்தவருக்கோ உரிமை பெற்றவருக்கோ அவற்றைப் படிக்க வழியில்லை. 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862-இல் வெளியிட்டார் வேதநாயகம். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். நீதிபதியும் வக்கீலும் கட்சிக்காரரும் தமிழராக இருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதைத் தம் நாவலிலும் கண்டித்தார்.

அவர் கையாண்டவை உரிமையியல் வழக்குகள். குற்றவியல் வழக்கிலோ சொல் புரியாமையின் விலை இன்னும் அதிகம். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் எனக்கு அறிமுகமானவர்கள் ஐயம் கேட்டு வரும்போதெல்லாம் இதை உணர்கிறேன். மகனுக்குப் பதினைந்து நாள் ரிமாண்ட் என்றதும், அதைத் தண்டனை என்றே எண்ணி ஒரு தாய் கலங்கினார். அது விசாரணைக்காக வைக்கப்படும் நீதிமன்றக் காவல் மட்டுமே. ஜாமீன் கிடைத்ததும் வழக்கே முடிந்ததாக மகிழ்ந்து, அடுத்த வாய்தாவுக்குப் போகாமல் பிடியாணைக்கு ஆளானவரும் உண்டு. ஜாமீன், நிபந்தனைக்கு உட்பட்ட தற்காலிக வெளிவருகையே. வழக்கு அப்படியே நிற்கிறது. போதிய முகாந்திரம் இல்லையென்று விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிப்பது வேறு. முழு விசாரணைக்குப் பின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லையென விடுதலை செய்வது வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் சாட்டப்பட்டவர் தீர்ப்பு வரும்வரை குற்றவாளி அல்லர். செய்தி எழுதுவோரும் அடிக்கடி மறக்கும் வேறுபாடு இது.

ஜாமீன், வாய்தா, ஜப்தி, வக்காலத்து ஆகியவை அரபு, பாரசீக வழி வந்தவை, ரிமாண்ட் ஆங்கிலம். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டப் பெயர்களும் சேர்ந்துள்ளன. சொல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அதன் பொருளைக் கூண்டில் நிற்பவருக்கு யாரும் சொல்லாததே குறை.

சிறையில் அடைக்கும் ஆணையுடனும் ஜாமீன் ஆணையுடனும், அதன் பொருளையும் அடுத்து வரவேண்டிய நாளையும் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தரலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களே தொடங்கலாம். வேதநாயகம் 1889-இல் மறைந்தார். அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தனி ஒருவராகத் தமிழாக்கியவரின் மண்ணில், அந்த ஒரு பக்கம் எழுதப்படாதிருக்க நியாயம் இல்லை.