பயாஸ் வகுத்த கில்டால்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கில் சியாட்டில் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அந்நகரில் கலம் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்திவந்த குடும்பத்தில், 1942ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் கேரி கில்டால் பிறந்தார். கணித ஆசிரியராகும் எண்ணத்துடன் வாசிங்டன் பல்கலைக்கழகம் புகுந்தவரைக் கணிப்பொறி தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1972இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் மான்டரே நகரிலுள்ள கடற்படை மேற்பட்டப் பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கினார்.

1971இல் இன்டெல் நிறுவனம் விரல்நுனியில் அடங்கும் நுண்செயலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. சிறு கருவிகளை இயக்கவே அது பயன்படும் எனப் பலரும் கருதினர். கில்டாலோ அதனை நடுவாகக்கொண்டு ஒரு முழுக் கணிப்பொறியே அமையும் எனக் கண்டார். 1974இல், நெகிழ்வட்டில் செய்திகளை எழுதவும் எடுக்கவும் வல்ல சி.பி./எம். என்னும் இயக்க முறைமையை ஆக்கினார். மனைவியார் டாரதியுடன் சேர்ந்து ஒரு நிறுவனமும் தொடங்கினார். பின்னாளில் அது டிஜிட்டல் ரிசர்ச் என்னும் பெயரால் பசிபிக் குரோவ் என்னும் கடற்கரை ஊரில் இயங்கியது.

ஆங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஒவ்வொரு நிறுவனத்தாரும் வெவ்வேறு வகையான வட்டும் விசைப்பலகையும் திரையும் பொருத்தினர். பொறி மாறுந்தோறும் நிரலைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. கொழு தேய்ந்தால் உழவன் கொழுவை மாற்றுவானேயன்றி ஏரை எறிந்துவிடான். கில்டாலும் அதுவே செய்தார். வன்பொருளோடு நேரே உறவாடும் பகுதியை மட்டும் தனியே பிரித்தார். எஞ்சிய பெரும்பகுதி எப்பொறியிலும் மாறாது நின்றது. அச்சிறு பகுதிக்கு அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை என்று பொருள்படுமாறு, ஆங்கில முதலெழுத்துகளால் பயாஸ் எனப் பெயரிட்டார். இதனால் சி.பி./எம். பற்பல நிறுவனங்களின் பொறிகளிலும் ஏறியது.

1980இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் அவரை நாடி வந்தனர். அன்று காலை அவர் தம் விமானத்தில் வணிகத்தின் பொருட்டு வெளியூர் சென்றிருந்தார். வானில் விளையாடி நல்வாய்ப்பை இழந்தார் எனப் பின்னாளில் பரவிய கதை அவருக்கு இழைத்த அநீதியேயாகும். உடன்பாடு கைகூடவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் வேறொருவரிடம் வாங்கிய இயக்க முறைமை, சி.பி./எம். முறைமையைப் பெரிதும் ஒத்ததாய், ஐ.பி.எம். கணிப்பொறியில் இடம்பெற்றது. 1981இல் வெளிவந்த அப்பொறியில் பயாஸ் என்னும் பெயரிலேயே ஒரு நிரல் சில்லில் பதிக்கப்பெற்றிருந்தது. கில்டாலின் இயக்க முறைமையும் உடன் விற்கப்பட்டது. ஆயினும் அதன் விலை 240 டாலர், மற்றதன் விலை 40 டாலர். வாங்குவோர் எதனை நாடியிருப்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கில்டால் வறியராகிவிடவில்லை, ஆயினும் உலகம் பிறர் பெயரையே பேசியது. 1991இல் அவர் நிறுவனம் நோவெல் வசமாயிற்று. 1994ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள், தம் 52ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

ஐ.பி.எம். பொறியின் வழிவந்த பயாஸ் தொடக்கத்தில் ஒரு மெகாபைட் நினைவகத்துள் அடங்கி நடப்பது. வளர்ந்த கணிப்பொறிகளுக்கு அது போதவில்லை. 2005 முதல் யு.இ.எப்.ஐ. என்னும் முறையை நிறுவனங்கள் பல கூடி வளர்த்தன. திரையில் உருவங்காட்டும் வரைகலை அட்டைகள் நெடுங்காலம் பழைய முறைக்கொன்றும் புதிய முறைக்கொன்றுமாக இரு நிரல்களைச் சுமந்தன. அண்மைக்கால அட்டைகள் சிலவற்றில் பழைய நிரல் நீக்கப்பட்டுள்ளது. இரண்டையும் பேணிச் சோதிக்கும் உழைப்பு அதனால் குறைகிறது. ஆனால் அவ்வட்டையைப் பழம்பொறியில் பொருத்தியவர், பொறி விழித்தும் திரை விழியாமை கண்டு திகைக்கின்றார். புதிய முறை ஏற்ற கணிப்பொறிகளிலும் அதன் அமைப்புப் பக்கத்தை மக்கள் இன்றும் பயாஸ் என்றே வழங்குகின்றனர்.