நஞ்சை நஞ்சென்று சொன்ன ரேச்சல் கார்சன் அம்மையார்



நம் தோட்டங்களில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கிளினிக்கில் கொடுப்பதும் மருந்து. புல்லுக்கும் பூச்சிக்கும் அடிப்பதும் மருந்து. இந்த இரண்டாவது மருந்து உண்மையில் நஞ்சுதான் என்பதை உலகத்துக்கே எடுத்துச் சொன்னார் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவர் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

ரேச்சல் கார்சன் 1907-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். தாயார் மகளைக் காட்டுப் பக்கம் அழைத்துப் போய்ப் பறவைகளையும் செடிகொடிகளையும் காட்டி வளர்த்தார். பதினோரு வயசிலேயே ரேச்சலின் கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் வெளிவந்தது. எழுத்தாளராகும் ஆசையோடு கல்லூரிக்குப் போனவர், அங்கே உயிரியலுக்கு மாறினார். 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேற்கொண்டு படிக்க முடிந்ததா? அதுதான் இல்லை. 1935-இல் தகப்பனார் காலமானார். 1937-இல் அக்காளும் இறந்துபோக, அக்காள் பிள்ளைகள் இருவரையும் காப்பாற்றும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அரசாங்க மீன்வளத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கடலைப் பற்றி எழுதினார். 1951-இல் வந்த நூல் பெரும்புகழ் தந்தது. மறு வருஷமே வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அந்தக் காலத்தில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியை மக்கள் அமிர்தமாக நினைத்தார்கள். மலேரியாவை அடக்கியது அல்லவா? அதன் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகாய விமானத்திலிருந்தே காடு, வயல் என்று பார்க்காமல் தெளித்தார்கள். 1958-இல் ஒரு தோழி, அப்படித் தெளித்த பிறகு தம் வீட்டருகே பறவைகள் செத்து விழுந்ததை எழுதினார். அம்மையார் ஆராயத் தொடங்கினார்.

கலிபோர்னியாவின் கிளியர் ஏரிக் கதையைப் பாருங்கள். சிறு கொசுக்களை ஒழிக்க டி.டி.டி.-க்கு நெருங்கிய உறவான டி.டி.டீ. என்ற நஞ்சை ஏரியில் கலந்தார்கள். பத்து லட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்குகூட இல்லை, மிகமிகக் கொஞ்சம். நீரிலுள்ள நுண்ணுயிர்களில் அது சேர்ந்தது. அவற்றைத் தின்ற மீன்களில் பெருகியது. மீன் தின்ற பறவைகளின் கொழுப்பில், பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு ஆகிவிட்டது! பறவைகள் கூட்டமாக மடிந்தன.

இப்படிப்பட்ட சான்றுகளை நான்கு வருஷம் திரட்டி, 1962-இல் மௌன வசந்தம் என்ற நூலை வெளியிட்டார். இரசாயனக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஒரு கம்பெனி வழக்குப் போடுவதாக மிரட்டியது. பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. அம்மையார் வசைக்கு வசை பேசவில்லை. நூலின் பின்னால் ஐம்பது பக்கத்துக்கு மேல் ஆதாரங்களை அடுக்கியிருந்தார். அவையே பதில் சொல்லின. அதிபர் கென்னடி அமைத்த அறிவியல் குழு 1963 மே மாதம் அவர் கருத்தைப் பெரிதும் ஏற்றது. அடுத்த மாதம் செனட் சபைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். அப்போது அவர் உடலை மார்பகப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. 1964 ஏப்ரல் 14-இல் 56-ஆம் வயதில் இயற்கை எய்தினார். 1972-இல் அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.டி.-யைத் தடை செய்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

பூச்சிமருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அறியாமல் அள்ளித் தெளிக்காதே, அதனால் பாதிக்கப்படும் மக்களுக்கு உண்மையை மறைக்காதே என்றுதான் சொன்னார்.

இது நமக்குத் தூரத்துக் கதையா? பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்தவர்களில் நம் தாய்மார்கள் எத்தனை பேர்! மலேசியா அதை 2002-இல் தடை செய்தது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. ஒரு நஞ்சை நிறுத்த அத்தனை காலம்!

ஆகவே மாணவமணிகளே, இன்று பரிசு வாங்கும் கைகள் நாளை மருந்து டின்னில் ஒட்டியுள்ள தாளையும் வாசிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதை வாசித்துச் சொல்லுங்கள். அறிவியல் படிப்பதன் பயன் அங்கேதான் தொடங்குகிறது.